மஞ்சக்குப்பம் வீட்டுக் குழு

செந்தில்: நாளை கயலின் வகுப்பில் தாவர செல், விலங்கு செல் மாதிரிகள் வைக்க வேண்டும். தெர்மாகோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கயல் மேற்பார்வை மட்டும்தான். படத்தைப் பாருங்கள்.

மாலா: தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா எங்கேடா?

செந்தில்: அது விலங்குக்குத்தானே அக்கா? செடிக்குத்தான் பசுங்கணிகம் இருக்கிறதே.

மாலா: பசுங்கணிகம் சர்க்கரையைத் தயாரிக்கும். அதிலிருந்து ஆற்றலை எடுப்பது மைட்டோகாண்ட்ரியா. சமைத்து வைத்தால் போதுமா, சாப்பிட வேண்டாமா? இரண்டிலும் ஒட்டு. செல் சுவர், பசுங்கணிகம், நடுவில் நீர்ப்பை போன்ற பெரிய நுண்குமிழ், இவைதான் தாவரத்துக்குத் தனி.

அம்மா: செடியும் மூச்சு விடுகிறது என்றுதானே இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்கிறோம்.

மாலா: பகலிலும்தான் விடுகிறது அம்மா. திறந்த வெளியில் அந்தக் கரியமில வாயு யாரையும் ஒன்றும் செய்யாது.

அப்பா: உன் அம்மாவுக்குப் பயம் வாயுவைப் பற்றியது இல்லை.

செந்தில்: 😂

கயல்: அத்தை, வெங்காயமும் தாவரம்தானே? அதில் பச்சையே இல்லையே?

மாலா: மண்ணுக்குள் வெயில் ஏது கண்ணே? அங்கே பசுங்கணிகத்துக்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து என் நுண்ணோக்கியோடு வருகிறேன். பெரிய வெங்காயத்தின் ஊதா நிறச் செதில் மேலுள்ள மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுவோம். செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே போய்விடும். ஊதா நிறம் சுருங்கி நடுவே ஒதுங்கும், சுவர் மட்டும் கட்டம் கட்டமாக அப்படியே நிற்கும். விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது, மொத்தமாகச் சுருங்கிவிடும். தெர்மாகோலில் இதைக் காட்ட முடியாது, செந்தில் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கயல்: அப்படியானால் பிச்சாவரத்தில் மரங்கள் உப்புத் தண்ணீரில் எப்படி நிற்கின்றன?

அப்பா: கேட்டாள் பார் கேள்வி!

மாலா: பெரும்பாலான உப்பை வேரே தடுத்துவிடும். மீறி உள்ளே வருவதில் ஒரு பங்கை நுண்குமிழுக்குள் அடைத்து வைக்கும். செல்லுக்குள்ளும் உப்பு இருப்பதால்தான் அந்தத் தண்ணீரை அதனால் இழுக்க முடிகிறது. வெண்கண்டல் மரம் மிச்ச உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடும்.

முருகன்: உண்மைதான் அக்கா. படகில் போனபோது அந்த இலையை நக்கிப் பார்த்தேன். கரித்தது.

செந்தில்: இவன் எதைத்தான் நக்காமல் விட்டான்?

கயல்: சித்தப்பா, எனக்கும் ஒரு இலை கொண்டு வாருங்கள்!

முருகன்: அது காப்புக்காடு, பறிக்கக் கூடாது. நேரில் அழைத்துப் போகிறேன்.

அம்மா: படகு என்றால் நானும் வருவேன். புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம்.