ஆறாவது வாரம்: எனக்கு 400 மைக்ரோகிராம், எதிர்வீட்டு அக்காவுக்கு 5 மில்லிகிராம், ஏன்?

கொருக்குப்பேட்டை கயல்:
எனக்கு இப்போது கர்ப்பத்தின் ஆறாவது வாரம். பெரியவனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை, தாய்ப்பால் குடிக்கிறான். டாக்டர் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு அக்காவும் உண்டாகியிருக்கிறார். அவருக்கு 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். என் மாமியாரோ, "தினம் கீரை கடைந்து போடுகிறேனே, மாத்திரை எதுக்கு?" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு சிஸ்டர் (ஓய்வு):
கயல் கண்ணு, மாத்திரையை விட்டுவிடாதே. மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அது குறையில்லாமல் மூடத்தான் ஃபோலிக் ஆசிட். பலருக்கு நாள் தள்ளிப்போனது உறைப்பதற்குள்ளேயே அந்தக் காலம் முக்கால்வாசி ஓடிவிடுகிறது. அதனால்தான் குழந்தைக்கு நினைக்கும்போதே தொடங்கி 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்போதுதான் ஆரம்பித்தாய் என்றாலும் பயப்படாதே, தொடர்ந்து போடு. நான்காவது மாதத்திலிருந்து இரும்புச் சத்தோடு சேர்ந்த மாத்திரை தருவார்கள்.

மாமியார் போடும் கீரை நல்லதுதான், ஆனால் நறுக்கிய பிறகு அலசி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் சத்தின் இயற்கை வடிவம்) நிறைய அதோடு போய்விடும். அலசிவிட்டு நறுக்கி, கொஞ்சத் தண்ணீரில் வேகவைத்து அதிலேயே கடையச் சொல். காராமணி, பாசிப்பயறும் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. ரேஷன் அரிசியில் செறிவூட்டிய, அதாவது சத்து சேர்த்த, மணிகள் கலந்திருக்கலாம். எங்கள் தெருவில் அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. அப்படிச் செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் உண்டு. கால் கிலோ பொங்கினாலும் 30 மைக்ரோகிராம்தான் தேறும், அதையும் கஞ்சி வடித்தால் இன்னும் குறையும். மாத்திரைக்கு அது ஈடில்லை.

உன் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறு. அடுத்தடுத்து இரண்டு கர்ப்பம், நடுவில் பால் கொடுப்பதும் சேர்ந்தால் உடம்பில் ஃபோலேட் இருப்பு நிரம்பியிருக்காது. இதை டாக்டரிடம் நீயாகவே சொல். அளவை அவர் முடிவு செய்யட்டும்.

சௌகார்பேட்டை மருமகள்:
நாங்கள் சுத்த சைவம். சைவச் சாப்பாட்டில் பி12 வைட்டமின் குறைவு என்று என் டாக்டர் அதன் அளவையும் பார்க்கச் சொன்னார். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் அதிகமாகப் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்குமாம். சைவக்காரர்கள் கேட்டுப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை கயல்:
நன்றி சிஸ்டர். அக்காவிடம் கேட்டேன். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாராம். குழந்தைக்காக அதை நிறுத்திவிடலாமா என்கிறார்.

காசிமேடு சிஸ்டர் (ஓய்வு):
தானாக நிறுத்தவே கூடாது! திடீரென்று விட்டு வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அந்த மருந்து ஃபோலேட்டின் வேலையில் குறுக்கிடும், தண்டுவடக் குறைபாட்டுக்கும் வாய்ப்பைக் கூட்டும். 5 மில்லிகிராம் கொடுத்தது அதனால்தான் இருக்கும், ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. நாளைக்கே நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போகட்டும்.