மறு: ‘அருகிய இனம்’ போதுமா?

வணக்கம்.

உயிரினங்களை அழியும் ஆபத்தின்படி தரம் பிரிக்கும் சிவப்புப் பட்டியலின் ‘என்டேஞ்சர்ட்’ என்ற நிலைக்கு ‘அருகிய இனம்’ என்றே வைத்துக்கொள்ளலாம், விக்கிப்பீடியாவிலும் அதுதானே புழங்குகிறது என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பறவைகளை வைத்துச் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்பவை ஷோலக்கிளிகள் என்ற சிறு பறவைகள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, பாபா புடன் மலைப்பக்கம் இருப்பது நீலகிரி ஷோலக்கிளி, விலா செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பது வெண்வயிற்று ஷோலக்கிளி. புருவக்கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். நெடுநாள் இரண்டையும் ஒரே இனமாகத்தான் எண்ணியிருந்தார்கள். 2017இல் இவற்றுக்கென்றே ஷோலிகோலா என்ற பேரினம் வந்தது. (இந்தக் ‘கிளி’ மலையாளக் கிளி, அதாவது பறவை. ‘சோலைக்கிளி’ என்று எழுதினால் நம்மவர்கள் பச்சைக்கிளியைத் தேடுவார்கள். ‘சோலைச்சிட்டு’ என்பதே என் கட்சி.)

பட்டியலில் நீலகிரிப் பறவை என்டேஞ்சர்ட். வெண்வயிற்றுப் பறவை அதற்கு ஒரு படி குறைவாக, வல்னரபிள்.

இதில் ‘அருகிய’ எங்கே பொருந்துகிறது? நல்ல சோலைக்குள், அதாவது அந்த மலைக்காட்டுக்குள், போனால் நீலகிரிப் பறவையைப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. இருட்டும் நேரத்தில் பாதையோரம் வந்து சருகுக்கிடையில் பூச்சி தேடும். சிக்கல், அந்தச் சோலையே துண்டு துண்டாகக் கிடப்பதுதான். நடுவே தேயிலை, சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்). மலையுச்சிப் பறவை சூடான சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போகாது. வெப்பம் கூடினால் இன்னும் மேலே ஏறவும் இடமில்லை. பரப்பு சிறியது, சிதறியது, குறைந்துகொண்டே வருவது: இதை வைத்துத்தான் அதற்கு அந்த நிலை. ‘அருகிய’ என்றால் எண்ணிக்கை மட்டுமே கண்ணில் படுகிறது.

வல்னரபிளுக்குச் சொல்லும் ‘அழிவாய்ப்பு இனம்’ இன்னும் மோசம். அழியும் வாய்ப்பு வல்னரபிள், என்டேஞ்சர்ட், அதற்கும் மேலான கிரிட்டிக்கலி என்டேஞ்சர்ட் என்ற மூன்று படிக்கும்தானே உண்டு? அழிவாய்ப்பு, அருகிய இரண்டில் எது கடுமை என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மாற்றிச் சொல்வார்கள்.

என் பரிந்துரை: வல்னரபிள் – நலிவுநிலை, என்டேஞ்சர்ட் – இடர்நிலை, கிரிட்டிக்கலி என்டேஞ்சர்ட் – கடும் இடர்நிலை. படி வரிசை சொல்லிலேயே தெரியும். ‘இடர்நிலை இனம்’, ‘இடர்நிலைப் பறவை’ என்று ஒட்டவும் வரும்.

‘நலிவுநிலை’தான் கொஞ்சம் இடிக்கிறது, நோயுற்ற பறவை என்று நினைக்க இடமுண்டு. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற இரண்டையும் நான் விடுவதாக இல்லை.