புதுப்பிப்பு: ஏற்காடு வீட்டுப் பழைய பூட்டு திறந்தாச்சு!

சாவி தொலைஞ்ச தாத்தாவோட மரப்பெட்டியை உடைக்காம திறக்க வழி கேட்டிருந்தேன் இல்லையா? சேலத்துலேர்ந்து பூட்டு ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர் வந்தார்.

பலர் 'பின்' (pin) பூட்டு, அதாவது உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் இருக்கிற பூட்டுன்னு சொன்னீங்க. இது லீவர் பூட்டு. உள்ளே வரிசையா தகடுகள், ஒவ்வொண்ணையும் ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சிருக்கும். எல்லாம் சரியான உயரத்துக்கு வந்தாத்தான் தாழ் நகரும். கம்மியா தூக்கினாலும் நகராது, அதிகமா தூக்கினாலும் நகராது. 1778-லயே ராபர்ட் பாரன் (Robert Barron)னு ஒரு இங்கிலாந்துக்காரர் யோசிச்சது. அருமையான மூளை!

ஏற்காட்டு ஈரத்துல துரு ஏறியிருந்துச்சு. மண்ணெண்ணெய் விட்டு ஊறவிட்டார். அப்புறம் ஒரு வளைஞ்ச கம்பியால தாழை லேசா தள்ளிப் பிடிச்சுக்கிட்டே, இன்னொரு கம்பியால தகடுகளைத் தடவினார். எது இறுகி நிக்குதோ அதை மட்டும் மயிரிழை தூக்கினார். மெல்லிசா ஒரு 'டிக்'. அடுத்த தகடு.

பூட்டுக்குச் சேதமே இல்லை. புதுச் சாவியும் ராவிக் கொடுத்துட்டார்.