நாற்றங்கால் வேலைக்கும் சேகரிப்புக்கும் ஏற்ற மடக்குக் கத்தி எது?

சந்தூர் நாற்றங்கால்:

வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் மாங்கன்று நாற்றங்கால் நடத்துகிறோம். நாள் முழுவதும் கத்தி கையில் இருந்தாக வேண்டிய வேலை. சணல் கயிறு, ஒட்டுக் கட்டும் பாலித்தீன் நாடா, சொட்டுநீர்க் குழாய், உர மூட்டையின் தையல், நடுவில் பசித்தால் ஒரு மாங்காய். மைத்துனர் ஒரு சுவிஸ் கத்தியைப் பரிசளித்த பிறகு மடக்குக் கத்திகள்மீது ஆசை பிடித்துக்கொண்டது. எப்போதும் பையில் இருக்க ஒன்று, சேர்த்து வைக்க இரண்டு மூன்று என்று எண்ணியிருக்கிறேன். எவற்றை வாங்கலாம்? ஒட்டுக் கட்டவும் அதே கத்தி போதுமா?

ஓசூர் டூல்ரூம்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. சாதாரண மடக்குக் கத்தியின் அலகு இருபுறமும் சரிவாகத் தீட்டப்பட்டது. குச்சிக்குள் இறங்கும்போது அது சற்றே வளைந்து போகும். தாய்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் சேரும் இடத்தில் இடைவெளி விழும். ஒட்டுக் கத்திக்கு ஒருபுறம் மட்டுமே சரிவு, மறுபுறம் முழுத் தட்டை. அதனால் வெட்டு நேராக விழுந்து, பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சுவிஸ் நாட்டின் விக்டோரினாக்ஸ், பிரான்சின் ஒபினெல் ஆகிய இரு நிறுவனங்களுமே மடக்கு ஒட்டுக் கத்திகள் செய்கின்றன. ஜெர்மனியின் டீனா இந்த வேலைக்கென்றே பெயர் பெற்ற நிறுவனம். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் சரிவு மறுபுறம் இருக்கும் கத்தியைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கத்தியால் கயிறு அறுக்க யாரையும் விடாதீர்கள், வீட்டாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றாடப் பைக்கு என் தேர்வு விக்டோரினாக்ஸ் பயனியர். 93 மில்லிமீட்டர் நீளம், சொரசொரப்பான அலுமினியக் கைப்பிடி. வழக்கமான சுவிஸ் கத்தியின் சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி அழகுதான். ஆனால் மாம்பாலும் மண்ணும் பட்ட ஈரக் கையில் அலுமினியம்தான் நழுவாமல் நிற்கிறது. குழாயடியில் கழுவி, உதறி, காயவைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதிலுள்ள துளைக்கும் ஊசி கிழிந்த சாக்கைத் தைக்கத் துளை போட உதவும். அலகுக்குப் பூட்டு கிடையாது, உள்ளே இருக்கும் வில்லின் (ஸ்பிரிங்) இறுக்கம் மட்டுமே. ஆகையால் குத்துவதற்கும் நெம்புவதற்கும் அதை எடுக்கக் கூடாது, விரல்மேல் மடங்கிவிடும்.

சேகரிப்பைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பலர் பெயரையும் கைப்பிடி நிறத்தையும் பார்த்து வாங்கிக் குவிக்கிறார்கள். நீங்கள் பூட்டைப் பார்த்து வாங்குங்கள். விரித்த அலகை மடங்காமல் நிறுத்துவது எப்படி என்பதுதான் மடக்குக் கத்தியின் மூலக் கேள்வி. அதற்கு ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடைகளை வரிசையாக வைத்தால் நான்கு கத்தியே நல்ல சேகரிப்பு.

எளிய விடை ஜப்பானின் ஹிகோனோகாமி. மடித்த பித்தளைத் தகட்டுக்குள் அலகு. வெளியே நீளும் சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் அதுவே பூட்டு. நம் ஊர்ப் பழைய சவரக்கத்தியும் ஏறக்குறைய இதே வேலைப்பாடுதான். அடுத்தது பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் தொடங்கிய ஒபினெல். பீச் மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1955இல் சேர்ந்த சுழலும் வளையம்தான் பூட்டு. எட்டாம் எண்ணை வாங்குங்கள், அலகு 8.5 சென்டிமீட்டர். இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு நேர்த்தியான பொருளை நான் வேறு பார்த்ததில்லை. ஐப்பசி மழையில் மரம் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் தட்டினால் அலகின் நுனி எட்டிப் பார்க்கும். மூன்றாவது அமெரிக்காவின் பக் 110. முதுகுப் பக்கத்தில் பூட்டுத் தண்டு உள்ள இந்தக் கத்தி 1960களில் வந்தது. பித்தளை கனக்கும், பைக்கு ஆகாது. ஆனால் விரிக்கும்போது விழும் அந்த உறுதியான ஒலிக்காகவே என்னிடம் ஒன்று இருக்கிறது. நான்காவதாக, கைப்பிடியின் உட்தகடே பக்கவாட்டில் நகர்ந்து அலகைத் தாங்கும் வகையில் ஏதாவது ஒன்று. மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்தி வினைஞர் 1980களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய முறை அது.

ஐந்தாவதுக்கு மனம் இருந்தால், சுவிஸ் படைவீரர்களுக்கு 1961 முதல் 2008 வரை கொடுத்த பழைய அலுமினியக் கத்தியைத் தேடுங்கள். பெரிய அலகின் அடியில் ஆண்டு எண் பொறித்திருக்கும். உங்கள் பிறந்த ஆண்டுக் கத்தி கிடைத்தால் விடாதீர்கள்.

பாலக்கோடு தக்காளித் தோட்டம்:

அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். ஒபினெல் இரண்டு உலோகத்தில் வருகிறது, கார்பன் எஃகு ஒன்று, துருப்பிடிக்காத எஃகு ஒன்று. கார்பன் கத்தியால் மாங்காய் அரிந்தால் அலகும் கறுக்கும், துண்டிலும் இரும்பு வாடை ஏறும். தக்காளிக்கும் எலுமிச்சைக்கும் அப்படியே. என் பிள்ளைகள் அந்தத் துண்டைத் தொடவே மாட்டார்கள். தோட்டத்தில் புழங்குபவர் துருப்பிடிக்காததையே வாங்கட்டும்.

ஓசூர் டூல்ரூம்:

வாடை பற்றிச் சொன்னது சரி, அம்மா. ஆனால் அந்தக் கறுப்பு துரு அல்ல. புளிப்பும் துவர்ப்பும் பட்டு இரும்பின் மேல் படியும் மெல்லிய படலம். சிவப்புத் துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும். சேகரிப்புக்கு நான் கார்பனையே சொல்வேன், அது கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். மாங்காய்க்கு உங்கள் கட்சிதான்.

காவேரிப்பட்டணம் வாசகர்:

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆயுத விதிகளின் பட்டியலில் வருபவை 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். அவற்றிலும் வீட்டு வேலைக்கும் உழவுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கே பேசும் எதுவும் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆனாலும் நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், பெங்களூரு மெட்ரோ என்று போகிற நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, பதிவுசெய்யும் பெட்டியில் வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் வகையை வாங்கவே வேண்டாம்.

சந்தூர் நாற்றங்கால்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முதலில் பயனியரும் ஓர் ஒட்டுக் கத்தியும் வாங்குகிறேன். சந்தையில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் போதுமா, அண்ணா? போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓசூர் டூல்ரூம்:

சாணைச் சக்கரத்தில் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் கை நல்ல கை. ஆனால் தண்ணீர் இல்லாமல் சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடேறிவிடும். நுனி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் விட்டுத் தீட்டும் கல், அதன் நயத்தைக் குறிக்கும் எண் ஆயிரம் உள்ளது, ஒன்று வாங்கி, பயனியரைப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்த்து மெதுவாக இழுங்கள். ஒட்டுக் கத்தியில் சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து ஓரிரு இழுப்பில் பிசிறை எடுத்துவிடுங்கள். தட்டைப் பக்கத்தைச் சாய்த்துத் தீட்டினால் அது ஒட்டுக் கத்தியாக இருக்காது. கீலுக்கு ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

போலியை அறிய, பெரிய அலகின் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். விக்டோரினாக்ஸ் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்ற எழுத்தும் கூர்மையாகப் பதிந்திருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உண்மையான கத்தியில் தகடுகளுக்கும் வில்லுக்கும் நடுவே வெளிச்சம் கசியாது. கடைக்காரர் விரித்துப் பார்க்க விடவில்லை என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.