சாட்டிலைட் செல் இல்லாமல் தசை சரியாகுமா?

நுண்ணோக்கி:
பளுக்காரன் நேற்று உடற்பயிற்சி விவாத இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "சாட்டிலைட் செல்லை எடுத்துவிட்டாலும் தசை தானாகச் சரியாகிவிடும், எலியில் நிரூபித்தாகிவிட்டது" என்கிறார். அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு.

தசைநாருக்குள் இருக்கும் நியூக்ளியஸ் (உட்கரு) பிரிந்து பெருகாது. நார் செத்தால் புது நியூக்ளியஸ் வெளியிலிருந்துதான் வரவேண்டும். 1961-ல் அலெக்சாண்டர் மவுரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாரின் சவ்வுக்கும் மேலுறைக்கும் நடுவே சில செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவைதான் சாட்டிலைட் செல்கள்; அந்தப் புது நியூக்ளியஸைத் தருபவை. 2011-ல் எலிகளில் பாக்ஸ்7 என்ற அடையாளப் புரதம் உள்ள அந்தச் செல்களை அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்தினார்கள். ஒரு குழு அல்ல, பல குழுக்கள். தசை திரும்பவே இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பளுக்காரன்:
அதே 2011-ல் நடந்த இன்னொன்றை ஏன் சார் மறைக்கிறீர்கள்? கென்டக்கி பல்கலைக்கழகக் குழு அந்தச் செல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழித்துவிட்டு, எலியின் கெண்டைக்கால் தசைக்குப் பாரம் கூட்டியது. 2 வாரத்தில் தசை பெருத்தது. மறு வருடம், பின்னங்கால் தரையில் படாமல் தொங்கவிட்டு மெலியவைத்த தசையும் அந்தச் செல்கள் இல்லாமலே பழைய அளவுக்கு வந்தது. நான் எழுதியதில் என்ன பிழை?

நுண்ணோக்கி:
90-க்கு மேல் என்றால் நூறு ஆகிவிடுமா? மீதிப் பத்து சதவீதம் என்ன செய்துகொண்டிருந்தது?

சொல்லாய்வான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "சாட்டிலைட் செல்" என்று எத்தனை நாள் எழுதப்போகிறோம்? துணைக்கோள் செல் என்று அழகாகச் சொல்லலாமே.

நுண்ணோக்கி:
அது எதையும் சுற்றி வருவதில்லை ஐயா. நாரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் தூங்குகிறது, காயம் பட்டால்தான் விழிக்கிறது. துணைக்கோள் என்று எழுதினால் படிப்பவன் வானத்தைப் பார்ப்பான்.

சொல்லாய்வான்:
ஆங்கிலச் சொல்லுக்கும் அதே பொருள்தானே? அங்கே யாரும் வானத்தைப் பார்க்கவில்லையே. தமிழில் சொன்னால் மட்டும் குறை கண்டுபிடிப்பது உங்கள் வழக்கம். மைட்டோகாண்ட்ரியாவை "இழைமணி" என்று எழுதலாமா என்ற இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

மாவுக்கட்டு:
எனக்கு ஒன்று புரியவில்லை. எனக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்த அன்று டேப் வைத்து அளந்தால் அந்தக் கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ. குறைவு. தோல் தொளதொளவென்று தொங்கியது. ஆனால் தசை எதுவும் கிழியவில்லை, நார் மெலிந்துதான் போனது என்று பிசியோ சொன்னார். நார் சாவதும் நார் மெலிவதும் ஒன்றா? நீங்கள் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறீர்களா?

பளுக்காரன்:
சார், அந்தப் பத்து சதவீதத்துக்கே வருகிறேன். அதே எலிகளுக்குக் காயமும் உண்டாக்கிப் பார்த்தார்கள். அதில் தசை சரியாகவில்லை. அந்தப் பத்து சதவீதத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் அங்கே ஏன் கைவிரித்தது?

நுண்ணோக்கி:
ஆக, காயத்தில் சரியாகவில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். நேற்று எழுதியதை அழிக்கிறீர்களா, இல்லையா?

பளுக்காரன்:
நான் அழிப்பதற்கு ஒன்றுமில்லை. "சரியாகும்" என்றுதான் எழுதினேன். பாரத்தில் பெருத்தது, மெலிந்தது மீண்டது. சரியாகவில்லையா?

நுண்ணோக்கி:
நான் படிப்பதோடு நிற்பவன் இல்லை. பாம்பு விஷத்திலிருந்து எடுக்கும் கார்டியோடாக்சினை ஊசி போட்ட எலித்தசையைக் கையால் சீவி, சாயமேற்றிப் பார்த்தவன். மூன்றாம் நாள் ஸ்லைடில் நல்ல நாரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். செத்ததைத் தின்ன வந்த மேக்ரோபேஜ் கூட்டம் ஊதாப் புள்ளிகளாக மொய்க்கும். ஏழாம் நாள் குட்டிக் குட்டி வட்டங்களாகப் புது நார்கள். ஒவ்வொரு வட்டத்தின் நட்டநடுவிலும் பொட்டு வைத்ததுபோல் ஒரு நியூக்ளியஸ். காயம் படாத நாரில் அது ஓரத்தில்தான் இருக்கும்; நடுவில் இருந்தால் சாட்டிலைட் செல்கள் கட்டிய புது நார் என்று பொருள். அந்தப் பொட்டை ஒருமுறை பார்த்தவன் "தானாகச் சரியாகும்" என்று எழுதமாட்டான்.

அப்புறம், 2016-ல் ஆஸ்லோ குழு இதே பாரச் சோதனையைச் செய்தது. செல்களை அழித்தால் நார் பெருக்கவில்லை என்று எழுதியது. அதற்கு என்ன பதில்?

பளுக்காரன்:
2017-ல் கென்டக்கிக்காரர்கள் அந்தச் சோதனையின் முறையிலேயே கோளாறு என்று பதில் எழுதிவிட்டார்கள். அதைப் படிக்கவில்லையா, படித்தும் சொல்லவில்லையா? 2021-ல் இன்னொன்றும் வந்தது. நாரில் சின்னக் கிழிசல் விழுந்தால் அந்த நாரின் நியூக்ளியஸ்களே அந்த இடத்துக்கு நகர்ந்து வந்து பழுது பார்க்கின்றன. சாட்டிலைட் செல் தேவைப்படவே இல்லை.

நுண்ணோக்கி:
அது ஒரு நாருக்குள் ஒட்டுப்போடும் வேலை. செத்த நாரை எந்த நியூக்ளியஸ் நகர்ந்து வந்து எழுப்பும்? லாக்டிக் அமிலம் இரண்டு நாள் தசையில் தங்கி வலிக்கிறது என்று எழுதியவர் நீங்கள். பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது போய்விடும் என்று நான்தான் திருத்தினேன். இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

பளுக்காரன்:
அடிபட்ட இடத்தில் ஐஸ் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்று அடித்துப் பேசியவர் நீங்கள். 1978-ல் அந்த ஐஸ் வைத்தியத்துக்குப் பெயர் வைத்த மருத்துவர் கேப் மிர்கினே 2014-ல் ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். நீங்கள் மாற்றிச் சொன்னீர்களா?

மாவுக்கட்டு:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன். என் கால் இன்னும் 1 செ.மீ. பாக்கி இருக்கிறது.

நுண்ணோக்கி:
சொல்கிறேன் தம்பி. முதலில் அவர் அந்த மீதிப் பத்து சதவீதத்துக்குப் பதில் சொல்லட்டும்.

பளுக்காரன்:
சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.