சி.டி. 100: தொப்பூர் கணவாய் ஏறும்போது சூட்டில் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

நல்லம்பள்ளி வண்டி:

வணக்கம். வண்டி ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1998 மாடல். ஊருக்குள்ள ஓட்டினா ஒரு குறையும் இல்லை. காலையில ரெண்டாவது உதையில பிடிச்சுக்கும். சேலம் போயிட்டுத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்துலதான் பிரச்சனை. பாதி ஏறும்போதே இழுவை குறையுது. மூணாவதுக்கு மாத்தினா கொஞ்ச தூரம், ரெண்டாவதுக்கு மாத்தினா இன்னும் கொஞ்ச தூரம், அப்புறம் தானா அணைஞ்சிடுது. எவ்வளவு உதைச்சாலும் பிடிக்காது. இருபது நிமிஷம் ஓரமா நிறுத்திட்டு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.

இதுவரை மாத்தினது பிளக், பிளக் கேப், ஏர் ஃபில்டர். கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி புது ஜெட் போட்டாச்சு. ஆயில் அளவு சரியா இருக்கு. அடுத்து ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயில், அதை நேரம் பார்த்து விடுற சி.டி.ஐ. பெட்டி ரெண்டையும் மாத்தச் சொல்றாங்க. பணம் போடுறதுக்கு முன்னாடி வீட்டிலேயே ஏதாவது சோதிச்சுப் பார்க்க முடியுமா? ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர் கையில இருக்கு. வாரம் ரெண்டு தடவை அந்த வழிதான், பின்னாடி ஆளும் உண்டு.

அரூர் ரைடர்:

காயில்தாங்க. சூடானா உள்ள சுத்து விட்டுப்போகும், ஆறினா சேர்ந்துக்கும். மாத்திடுங்க. அதுவரைக்கும் நின்னா எஞ்சின் மேல ஒரு பாட்டில் தண்ணி ஊத்துங்க, சீக்கிரம் கிளம்பிடலாம்.

பாலக்கோடு பட்டறை:

தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. ஏற்றம் ஏறின எஞ்சின் ஹெட் அலுமினியம். ஒரு பக்கம் மட்டும் சட்டுனு குளிர்ந்தா ஹெட் வளையும், கேஸ்கெட் கசிய ஆரம்பிக்கும். காத்துல தானா ஆறட்டும்.

காயிலா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சூட்டில் நிக்கிற வண்டிக்கு மூணு வழிதான்: பெட்ரோல் வரலை, ஸ்பார்க் வரலை, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அழுந்துற அழுத்தம்) நிக்கலை. ஆறின பிறகு மூணுமே சரியாயிடும். அதனால பட்டறைக்கு உருட்டிக்கிட்டு வந்து பார்த்தா எதுவும் தெரியாது. நின்ன முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள, அதே இடத்துல பார்க்கணும். பிளக் ஸ்பேனர், ஒரு பழைய பிளக், காலி தண்ணி பாட்டில், கைக்குத் துணி, இவ்வளவு பையில இருந்தாப் போதும். வளைவுல நிறுத்தாதீங்க, அகலமான ஓரம் பார்த்து ஒதுங்கிக்கோங்க.

நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. உள்ள காத்து 'புஸ்'ஸுன்னு இழுத்துச்சுன்னா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. திறந்த பிறகு ரெண்டு நிமிஷத்துல வண்டி ஓடிச்சுன்னா அதுதான் வியாதி, ஊசியும் சோப்புத் தண்ணியும் போதும். சத்தம் ஒண்ணும் வரலைன்னா மூடியைத் திரும்ப மூடிட்டு, கார்புரேட்டருக்குப் போற பெட்ரோல் டியூபைக் கழட்டிப் பாட்டில்ல விடுங்க. சூடான சைலன்சர்ல சொட்டாமப் பிடிக்கணும். ஒரு நிமிஷம் பாருங்க. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தர்ற வண்டி 45 வேகத்துல போனா நிமிஷத்துக்கு 15 மில்லி குடிக்கும், ஏற்றத்துல அதைவிட ரெண்டு பங்குன்னு வச்சுக்கலாம். பாட்டில்ல 100 மில்லி சேர்ந்துச்சுன்னா பெட்ரோல் பக்கம் குறையில்லை. ஆரம்பத்துல நல்லா வந்து போகப்போக நூல் மாதிரி இளைச்சா, பெட்ரோல் டேப் மேல இருக்கிற வலையில துரு உக்காந்திருக்கு.

பெட்ரோல் சரின்னா டியூபை மாட்டிட்டு, பழைய பிளக்கை கேப்ல செருகி, ஹெட்டுல ஒட்டி வச்சு உதைச்சுப் பாருங்க. வண்டியில இருக்கிற பிளக்கைக் கழட்ட வேண்டாம், அது கொதிக்கும்.

மூணாவதுதான் யாரும் பார்க்காதது. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு கிக்கரைக் கையாலேயே அழுத்துங்க. காலையில எப்படித் தடுத்து நிக்குதோ அதே மாதிரி நிக்குதா, இல்ல பஞ்சு மாதிரி இறங்குதா? பதில் அதுலதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

ஓசூர் டூல்ரூம்:

ஸ்பார்க் சோதனைக்கு ஒரு திருத்தம். வெளிக்காத்துல பிளக்கோட 0.7 மி.மீ. இடைவெளியை பலவீனமான காயில்கூடத் தாண்டிடும். சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடின காத்தை அதே தீப்பொறியால தாண்ட முடியாது. அதனால 'ஸ்பார்க் வருது, காயில் நல்லா இருக்கு'ன்னு ஏமாந்து போறாங்க. பழைய பிளக்கோட பக்கக் கொம்பை வெட்டி எடுத்துட்டு, நடு முனைக்கும் வெளி இரும்பு ஓட்டுக்கும் நடுவுல 5, 6 மி.மீ. தாண்டுதான்னு பாருங்க. நீலமா, 'டக் டக்'னு சத்தத்தோட தாண்டினா காயிலுக்கு வேலை வைக்க வேண்டாம்.

கூடவே ரெண்டு இலவச சோதனை. கணவாய் ஏறி நின்னதும் பின் சக்கர டிரம் பக்கத்துல கை வச்சுப் பாருங்க. பிரேக்கே பிடிக்காம ஏறின வண்டியில டிரம் கொதிச்சா, பிரேக் ஷூ உரசிக்கிட்டே வருதுன்னு அர்த்தம். எஞ்சின் பாதி பலத்தை அங்கேயே இழந்துடும். பிரேக் பெடல்ல 20 முதல் 30 மி.மீ. விளையாட்டு (பிடிக்கிறதுக்கு முன்னாடி சும்மா ஆடுற தூரம்) இருக்கணும். அடுத்தது கிளட்ச் லீவர். நுனியில 10 முதல் 20 மி.மீ. விளையாட்டு இல்லைன்னா ஏற்றத்துல வழுக்கும். ஆனா வழுக்கினா எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. உங்களுக்கு சத்தமே இறங்குது, அதனால கிளட்ச் மேல எனக்கு சந்தேகம் கம்மி.

நல்லம்பள்ளி வண்டி:

நேத்து பார்த்தேங்க. மூடியில சத்தம் இல்லை. ஒரு நிமிஷத்துல பாட்டில்ல கால் லிட்டருக்குக் கிட்ட வந்துடுச்சு. கொம்பு வெட்டின பிளக்ல நீல ஸ்பார்க், நல்ல சத்தம். டிரம் சூடு இல்லை. கிக்கர்தான் நீங்க சொன்னபடி: கையால தள்ளினாலே இறங்குது, தடையே இல்லை.

தெரிஞ்ச இடத்துல கம்ப்ரஷன் கேஜ் வாங்கி வந்து, ஏற்றம் ஏறி நின்ன சூட்டில த்ராட்டிலை முழுசாத் திருகி வச்சு உதைச்சேன், 55 பி.எஸ்.ஐ. வந்துச்சு. இன்னைக்குக் காலையில ஆறின எஞ்சின்ல 140. பிஸ்டன் ரிங் போயிடுச்சா?

காவேரிப்பட்டணம்:

நடுவுல ஒரு சந்தேகம் அண்ணா. இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பழைய வண்டியை இப்படிப் பண்ணுதுன்னு எங்க பக்கம் பேசிக்கிறாங்களே?

பாலக்கோடு பட்டறை:

காவேரிப்பட்டணம் தம்பிக்கு: எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவோ இறுகவோ வைக்கும். டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ ரிங் எல்லாம் அதனால கெடலாம். மாசக்கணக்குல நிறுத்துற வண்டின்னா கார்புரேட்டர் கிண்ணத்து ஸ்குரூவைத் தளர்த்தி வடிச்சுட்டு நிறுத்துங்க. ஆனா 140 இருந்த கம்ப்ரஷன் 55 ஆகுறதுக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தம் இல்லை.

நல்லம்பள்ளிக்கு: ரிங் தேஞ்சிருந்தா காலையிலேயே கம்மியாக் காட்டும், புகையும் வரும். சூட்டில மட்டும் விழுதுன்னா வால்வு மேல சந்தேகம். உறுதி பண்ணிக்க, அடுத்த தடவை நிக்கும்போது பிளக் ஓட்டை வழியா 5 மில்லி எஞ்சின் ஆயில் ஊசிக்குழல்ல விட்டு, மறுபடி கேஜ் வைங்க. ஆயில் ரிங் சந்தை அடைக்கும். எண் கிடுகிடுன்னு ஏறினா ரிங், அசையலைன்னா வால்வு.

எனக்கு எக்ஸாஸ்ட் டேப்பெட் (புகை வெளிய போற வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கர் கையோட நுனியில இருக்கிற ஸ்குரூ) இறுகியிருக்கும்னு படுது. வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவுல நூலளவு இடைவெளி வைக்கிறதே சூட்டில தண்டு நீளும்ங்கிறதாலதான். 60 மி.மீ. எஃகுத் தண்டு 100 டிகிரி கூடுதலாச் சூடானா பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்ட நீளும். ஹெட்டும் கூடவே விரியும், அதனால சாதாரண ஓட்டத்துல சமாளிச்சுக்கும். ஏற்றத்துல ரெண்டு ஆள் பாரத்தோட எக்ஸாஸ்ட் வால்வு ஹெட்டை விட ரொம்பச் சூடாகும். இடைவெளி இல்லைன்னா ராக்கர் வால்வைத் தள்ளியே வச்சிருக்கும், முழுசா மூடாது. இன்னொரு கெடுதலும் இருக்கு. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைக்கிறதே சீட்டுல (ஹெட்டுல அது மூடி உக்காருற வளையம்) உக்காரும்போதுதான். உக்காரலைன்னா சூடு இன்னும் ஏறும், இன்னும் நீளும், ஓரம் கருகும். இப்படியே ஆறு மாசம் ஓட்டினா வால்வே எரிஞ்சுடும்.

சமீபத்துல யாராவது டேப்பெட் சத்தத்தைக் குறைச்சாங்களா?

நல்லம்பள்ளி வண்டி:

ஆமாங்க. ரெண்டு மாசம் முன்னாடி 'டிக் டிக்'னு சத்தம் வந்துச்சு. எஞ்சின் சூடா இருக்கும்போது நானே சத்தம் நிக்கிற வரைக்கும் இறுக்கினேன். ஆயில் சோதனையும் பண்ணிட்டேன்: 55 இருந்தது 60தான் ஆச்சு. எப்படி வைக்கிறதுன்னு படிப்படியாச் சொல்லுங்க.

பாலக்கோடு பட்டறை:

ராத்திரி முழுக்க ஆறின எஞ்சின்ல, விடியக்காலையில செய்யுங்க. எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழ இருக்கணும். நம்ம தர்மபுரி சித்திரை வெயில்ல மத்தியானம் நிழல்ல நின்ன வண்டியே அதைத் தாண்டிடும்.

பிளக்கைக் கழட்டுங்க. ஹெட்டுல மேலயும் கீழயும் இருக்கிற ரெண்டு டேப்பெட் மூடியையும் கழட்டுங்க. கார்புரேட்டர் பக்கம் இன்லெட், சைலன்சர் பக்கம் எக்ஸாஸ்ட். இடது பக்க கவர்ல மேல இருக்கிற சின்ன மூடியைத் திறந்தா மேக்னெட் சக்கரத்துல இருக்கிற குறி தெரியும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நாலாவது கியர்ல வச்சு, பின் சக்கரத்தை முன்னோக்கி மெதுவாச் சுத்துங்க. முதல்ல 'எஃப்' குறி வரும், அது ஸ்பார்க்குக்கு உள்ளது, விட்டுடுங்க. அடுத்து வர்ற 'டி' கோடு கவர் வெட்டுக்கு நேரா நிக்கணும்.

இங்கதான் பாதிப் பேர் தப்புப் பண்றது. 'டி' ரெண்டு சுத்துக்கு ரெண்டு தடவை வரும். ஒண்ணு கம்ப்ரஷன் முடிவு, இன்னொண்ணு எக்ஸாஸ்ட் முடிவு. எக்ஸாஸ்ட் முடிவுல ரெண்டு வால்வும் கொஞ்சம் திறந்தே இருக்கும், அங்க வச்சா அளவு எல்லாமே தப்பு. உங்க எக்ஸாஸ்ட் ஏற்கெனவே இறுகியிருக்கிறதால ரெண்டு ராக்கரும் ஆடுதான்னு பார்த்து முடிவு பண்ண முடியாது. இன்லெட் ராக்கரைப் பாருங்க. சக்கரத்தைச் சுத்தும்போது அது கீழ அழுந்தி மேல வரும். அழுந்தி மேல வந்த பிறகு வர்ற முதல் 'டி'தான் சரியானது.

ஹோண்டா 100 சி.சி.க்கு ரெண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. லாக் நட்டைத் தளர்த்தி, டேப்பெட் கீயில ஸ்குரூவைப் பிடிச்சுக்கிட்டு, 0.05 தகட்டை நடுவுல விடுங்க. எண்ணெய்த் தாள்ல விரல் இழுக்கிற மாதிரி லேசான பிடிப்பு வர்ற வரைக்கும் திருகணும். கீயைப் பிடிச்சபடியே நட்டை இறுக்குங்க. சின்ன மரை, பலமா இறுக்கினா அறுந்துடும். இறுக்கினதும் அளவு மாறும், அதனால தகட்டை மறுபடி விட்டுப் பாருங்க. 0.05 போகணும், 0.10 போகவே கூடாது. சக்கரத்தை எஞ்சின் ரெண்டு சுத்து வர்ற மாதிரி சுத்திட்டு இன்னொரு தடவை பாருங்க.

முடிச்சதும் லேசா ஒரு 'டிக் டிக்' கேட்கும். அதை விட்டுடுங்க. டேப்பெட்டுக்கு சத்தம் இருக்கிறதுதான் ஆரோக்கியம்.

ஓசூர் டூல்ரூம்:

தகடு பத்தி ஒரு வார்த்தை. 0.05 தகடு ரொம்ப மெலிசு, ஒரு தடவை மடிஞ்சாலே அளவு பொய். தகட்டுலயும் ராக்கர் நுனியிலயும் ஆயில் அழுக்கைத் துடைச்சுட்டு விடுங்க. ராக்கர் நுனி தேஞ்சு குழி விழுந்திருந்தா தகடு குழியைத் தாண்டிப் பாலம் மாதிரி உக்காரும், அப்ப உண்மையான இடைவெளி தகட்டு அளவை விட அதிகமா இருக்கும். அந்த மாதிரி ராக்கர்ல எவ்வளவு சரியா வச்சாலும் சத்தம் நிக்காது. உங்க பழைய சத்தத்துக்கு அது காரணமான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

மூடியோட ஓ ரிங் ரெண்டும் புதுசு போடுங்க. பழசு இறுகியிருக்கும், ஆயில் கசிஞ்சு சைலன்சர்ல விழும்.

நல்லம்பள்ளி வண்டி:

செஞ்சாச்சு. எக்ஸாஸ்ட்ல 0.05 தகடு நுழையவே இல்லை, ராக்கர் துளிகூட ஆடலை. இன்லெட் சரியாவே இருந்துச்சு. ராக்கர் நுனியில குழி இல்லை, லேசாத் தேஞ்ச தடம்தான். வச்ச பிறகு ஆறின எஞ்சின்ல 140, கணவாய் ஏறி உச்சியில நானே நிறுத்திப் பார்த்தப்ப 125. ஆள் உக்காந்தபடியே மூணாவது கியர்ல ஏறிடுச்சு. த்ராட்டிலை விட்டு இறங்கும்போது மட்டும் சைலன்சர்ல 'படபட'ன்னு சின்னச் சத்தம். ஹெட்டை இறக்கணுமா?

பாலக்கோடு பட்டறை:

இப்ப இறக்க வேண்டாம். 125 போதும். 'படபட' சத்தத்துக்கு முதல்ல சைலன்சர் கழுத்து கேஸ்கெட்டைப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணின உடனே, சூடாகுறதுக்கு முன்னாடி, கழுத்துக்கிட்ட கை காட்டினா காத்து அடிக்கும். அடிச்சா புது கேஸ்கெட், ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி ஒரே அளவா இறுக்குங்க. அப்படியும் வந்தா கார்புரேட்டர்ல இருக்கிற ஏர் ஸ்குரூவைக் கால் சுத்து கால் சுத்தா உள்ள திருப்பிப் பாருங்க.

500 கிலோமீட்டர் ஓடினதும் இதே மாதிரி காலையில இடைவெளியை அளந்து எழுதி வைங்க. 0.05 அப்படியே இருந்தா வால்வு பிழைச்சுக்கிச்சு. மறுபடி குறைஞ்சிருந்தா வால்வு சீட்டுக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கு, தண்டு மேல ஏறி ராக்கரை முட்டுது. அப்ப ஹெட்டை இறக்கியே ஆகணும். எக்ஸாஸ்ட் வால்வு, ரெண்டு வால்வு சீல், ஹெட் கேஸ்கெட் புதுசு. லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச பிறகு சீட்டுல சுத்திலும் விட்டுப்போகாத சாம்பல் நிற வளையம் வரணும். ஸ்பிரிங் மாட்டி, போர்ட் வழியா மண்ணெண்ணெய் ஊத்தி அஞ்சு நிமிஷம் வைங்க. வால்வு ஓரத்துல ஈரம் கசிஞ்சா இன்னும் தேய்க்கணும்.

நல்லம்பள்ளி வண்டி:

540 கிலோமீட்டர் ஆச்சுங்க. எக்ஸாஸ்ட்ல 0.05 லேசான பிடிப்போட போகுது, 0.10 போகலை. சைலன்சர் கேஸ்கெட் மாத்தினதும் 'படபட' சத்தமும் நின்னுடுச்சு. இந்தத் தடவை பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறங்கித் திரும்ப ஏறியும் பார்த்துட்டேன், நிக்கலை. காயில் வாங்கலை. ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

அரூர் ரைடர்:

தண்ணி ஊத்தச் சொன்னது என் தப்புங்க. படிக்கிறவங்க யாரும் அதைச் செய்ய வேண்டாம். எங்க வீட்டு வண்டியிலயும் சத்தம் வருதுன்னு டேப்பெட்டை இறுக்கி வச்சிருக்கோம், நாளைக்குக் காலையில தகடு விட்டுப் பார்க்கிறேன்.