புதுப்பிப்பு: தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடிய நாய் கிடைத்துவிட்டது (மடிப்பாக்கம்)

தீபாவளியன்று வெடிச் சத்தத்தில் ஓடிப்போன எங்கள் ஜூலியைத் தேட அக்கம்பக்கத்தில் யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டாள்! யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "விடியற்காலையில் தெருவில் நடமாடுபவர்களிடம் சொல்லுங்கள்" என்றதுதான். பால் போடுபவர், தூய்மைப் பணியாளர்கள், தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அக்கா எல்லோரிடமும் போட்டோவைக் காட்டி நம்பர் கொடுத்தோம். அக்காதான் போன் செய்தார்: "பின் தெருவுல புதுசா கட்டுற வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒண்ணு பதுங்கியிருக்கு, கழுத்துல சிவப்புப் பட்டை." குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததெல்லாம் கும்பிடு எமோஜிதான்.

எதிர்பாராதது ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இன்னும் உள்ளே ஒடுங்கினாள். முகத்தைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் தள்ளி வைத்த பிறகே ஊர்ந்து வந்தாள். முதலில் கயிறு, அப்புறம்தான் கொஞ்சல்.

போஸ்டர்களைக் கிழித்து, நம்பர் கொடுத்தவர்களிடமும் தகவல் சொல்லிவிட்டோம்.